கோட்டுப் போட்ட உடம்பு

மதியச் சாப்பாட்டுக்குத் தூக்குப் போணியை அப்போதுதான் திறந்திருந்தேன். முருங்கைக்காய்க் குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். முதல் வாய் வைப்பதற்குள் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த முகம். கக்கத்தில் ஒரு பிளெக்ஸ் சுருள்.

“நீங்கதான இங்க படம் செய்யிறவங்க?”

“ஆமாம்மா. செத்த நேரம் உக்காருங்க, ஒரு வாய் சாப்டுட்டு வாரேன்.”

அவர் உட்காரவில்லை. சுருளைத் தரையில் போட்டு, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையைக் கையால் உருட்டி விரித்தார்.

கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. தொங்கவிட்ட இடது கையில் பட்டையாக ஒரு வாட்ச். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. காலரை ஒட்டி அரிவாளால் அறுத்த பிசிறு நின்றது. தலை இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கடையின் சிமெண்டுத் தரை தெரிந்தது.

“தல எம் மகனோடது. அத வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். இந்த உடம்பு யாருதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. உடையவங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருறேன்.”

நான் தூக்கை மூடி வைத்தேன். அன்று அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

உடம்புகள் இருந்த பெட்டி

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் டிசைனராக இருந்தேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும். ரோட்டில் சிரித்துக்கொண்டு நின்ற முகங்களில் பாதிக்குக் கன்னத்துப் பருவை அழித்தது நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் தலையை மட்டும்தான் கொண்டுவருவார்கள். ரேஷன் கார்டிலிருந்து, கல்யாண ஆல்பத்தின் ஓரத்திலிருந்து, செல்போனிலிருந்து ஒரு தலை. அதற்கு உடம்பை நாங்கள்தான் போட வேண்டும். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி வைத்திருந்தேன். வேட்டி சட்டை உடம்பு நான்கு, பட்டுச்சேலை உடம்பு ஆறு, கோட்டு உடம்பு மூன்று. ஆயுசு முழுக்கச் சட்டை போடாமல் தோட்டத்தில் கிடந்த பெரியவர்கள், செத்த மறுநாள் கோட்டும் டையுமாக முச்சந்தியில் நின்றார்கள். “அப்படியே உசுரோட நிக்கிறாரு” என்று வீட்டார் அழுவார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன்.

ஒரு விதியை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். இரவல் உடம்பில் மோதிரம், தழும்பு, பச்சை குத்தியது, மச்சம் என்று எது இருந்தாலும், தலையை வைப்பதற்கு முன் அழித்துவிட வேண்டும். அடுத்தவர் அடையாளம் நம் வீட்டுப் படத்தில் இருந்தால் அது நல்லதில்லை என்று என் மனதுக்கு ஒரு பயம்.

அவனுக்கு எத்தனை அடி?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது பின்னால்தான். பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் வைப்பது என்று ஒன்று கிளம்பியது. முதலில் பெரிய வீட்டுப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் எட்டடி வைத்தால் அடுத்தவன் பத்தடி கேட்பான். கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே “அவனுக்கு எத்தன அடிக்கா?” என்பதுதான்.

பிறகு மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். முகத்துக்குக் கலர் ஏற்றச் சொல்வார்கள். பின்னால் கார் வேண்டும் என்பார்கள். ஒரு பெண், தன் போட்டோவில் பின்னால் தெரிந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவிட்டு அங்கே சோபா வைக்கச் சொன்னாள். குடம் இருந்த அளவுக்கு சோபா வைத்தேன். பொம்மை சோபா மாதிரி இருந்தது. அவளுக்கு அதுவே போதும்.

இன்னொரு நாள் இரண்டு பையன்கள் சேர்ந்து வந்தார்கள். போட்டோவில் இரண்டு பேரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். “பக்கத்துல நிக்கிறவன தூக்கிருங்கக்கா, சட்ட நல்லால்ல” என்றான் ஒருவன். பக்கத்தில் நின்றவன் என் மேசைக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனும் அவசரமாகத் தலையாட்டினான்.

“ஆமாக்கா. என்னத் தூக்கிருங்க.”

எனக்கு வாய் நீளம். அன்றைக்கு இரண்டு பேரையும் கிழித்துவிட்டேன். “ஏன்டா, சேக்காளியவே அழிக்கச் சொல்றியே, வெக்கமால்ல?” என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் அவனைத் தூக்கினேன். அவன் கையை மட்டும் மற்றவன் தோளிலிருந்து சுத்தமாக எடுக்க முடியவில்லை. நான்கு விரல் நுனிகள் அங்கேயே தங்கிவிட்டன. பிளெக்ஸ் ரோட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோளில் ஒட்டியிருந்த அந்த நான்கு விரல்கள்தான் என் கண்ணில் படும்.

அழகர் வந்த சாயங்காலம்

அந்த அம்மாவின் மகன் பெயர் அழகர். சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதால் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, பீஸ் இல்லாமல் பிளஸ் ஒன் சேர்த்துக்கொண்டார்கள். காரில் வந்து இறங்கும் பிள்ளைகள் படிக்கிற இடம். இவன் டவுன் பஸ்ஸில் வந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போவானாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

ஒரு சாயங்காலம் யூனிபார்மோடு தனியாக வந்தான். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான். ஆறடிக்கு நாலடி போதும் என்றான்.

“எங்கடா வைக்கப் போற?”

“சும்மா, வீட்டுலதான்க்கா.”

தலையைச் செல்போனிலிருந்து அனுப்பினான். நான் கோட்டு உடம்புகளைத் திறந்து காட்டினேன். மூன்றாவதைப் பார்த்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். அந்தக் கோப்புக்கு நான் வைத்திருந்த பெயர் ‘ரோஷன் கோட்டு’.

“இது ரோஷன் பிளெக்ஸ்ல இருந்ததுதானக்கா? எங்க கிளாஸ்தான்.”

“தெரிஞ்ச பையனா? அப்ப அது வேண்டாம்டா. வேற வைக்கிறேன்.”

“இல்லக்கா. இதுதான் வேணும்.”

ரோஷன் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அவன் அப்பாவுக்கு ஊரைச் சுற்றி ஏகப்பட்ட தொழில். பள்ளிக்கூட வாசலிலேயே அவனுக்குப் பத்தடியில் பிளெக்ஸ் வைத்தார்கள். அழகரிடம் மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று ஒரு கட்சி ஆர்டர் அவசரமாகக் காத்துக்கொண்டிருந்தது. தலையை வைத்தேன், கழுத்தின் நிறத்தைச் சரிசெய்தேன், அச்சுக்கு அனுப்பினேன். இடது கைப் பெருவிரலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்தது. அதை அழிக்க மறந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அழகர் திரையையே பார்த்தபடி நின்றிருந்தான். அவன் வலது கை அவன் அறியாமலே பேண்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது. படத்தில் இருந்த அதே சாய்வில் தோள் சாய்ந்திருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

என் வகிடு

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. நான் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தபோது குரூப் போட்டோ எடுத்தார்கள். வகுப்பிலேயே நான்தான் குள்ளம். முன் வரிசையில் உட்கார வேண்டியவள். ஆனால் என் காலில் ரப்பர் செருப்பு, அதிலும் வார் அறுந்து ஊக்குப் போட்டது. முன் வரிசைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஷூ.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானேதான் கடைசி வரிசைக்குப் போனேன். உயரமான இரண்டு பேருக்கு நடுவில் நின்றேன். போட்டோ வந்தபோது அதில் என் வகிடும் ஒரு ரிப்பன் நுனியும் மட்டும் இருந்தன. “நீ எங்கடி இருக்க?” என்று அம்மா தேடினார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், போட்டோவில் நிற்கவில்லை என்று பொய் சொன்னேன். அம்மா நம்பிவிட்டார்.

அந்தப் போட்டோ இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்த வகிட்டுக்குக் கீழே ஒரு முகம் இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அப்போது பெட்டியை மூடிவிடுவேன்.

“எழுதியிருக்காங்கன்னு சொன்னாக”

கடைக்கு வருகிறேன். அழகரின் அம்மா பெயர் பஞ்சவர்ணம். உடம்பு யாருடையது என்று அவர் கேட்டதும், யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“ரோஷன்னு ஒரு பையனோடதும்மா.”

“செத்துப்போன பயலா?”

ஆமாம். நான் சொல்லியிருக்கக் கூடாது. ரோஷன் அதற்குப் பத்து நாள் முன்னால் நாலு வழிச் சாலையில் புது பைக்கில் போய் விழுந்து இறந்துபோயிருந்தான். அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி செய்தவளும் நான்தான். “தம்பிக்குப் பிடிச்ச படம் இதுதான்” என்று அவர்கள் வீட்டு மேனேஜர் அந்தப் பிறந்தநாள் படத்தையே வைக்கச் சொன்னார். பலூன்களை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். அதே கோட்டில் இன்னொரு தலை சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு நிமிஷம்கூட ஞாபகம் வரவில்லை.

பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்து சொன்னார். பிளெக்ஸை மகன் வீட்டு வாசல் பந்தலில் கட்டியிருக்கிறான். வெயிலில் வெளுக்காமல் இருக்கப் படத்தைக் கீழே பார்க்கத் திருப்பிக் கட்டியிருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் மேலிருந்து கோட்டுப் போட்ட ஆள் பார்த்துக்கொண்டிருப்பான். அதிலிருந்து இவன் நிற்பது, நடப்பது எல்லாம் அந்த ஆள் மாதிரியே ஆகிவிட்டது. பாக்கெட்டில் விட்ட கையைச் சோற்றுக்குத்தான் எடுப்பான்.

“நேத்து மாத்திர வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன்க்கா. பஸ் ஸ்டாண்டுல அந்தப் படத்தப் பாத்தேன். அதே கோட்டு. அதே கையி. கையில அதே மச்சம். தல மட்டும் வேற. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துல நின்ன பிள்ளைகிட்ட கேட்டேன். செத்துப்போயிட்டான்னு எழுதியிருக்காங்கன்னு சொன்னாக. எம் புள்ள போட்டிருக்கிற உடம்பு செத்துப்போச்சுங்கிறாக. எனக்கு எப்படி இருக்கும்?”

வீட்டுக்குப் போனதும் அரிவாளை எடுத்திருக்கிறார். தலையை வெட்ட மனசு வரவில்லை. உடம்பை மட்டும் அறுத்திருக்கிறார்.

மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பத்தாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அங்க அடையாளம் என்ற இடத்தைச் சரியாக விரலால் தொட்டார்.

“படிச்சுப் பாருங்க. வலது முட்டியில தழும்பு. இடது தோளுல மச்சம். வாத்தியாரு எழுதுனது. கையில மச்சம்னு எங்கயாச்சும் இருக்கா? ஆனா இப்ப இருக்குக்கா. எம் மகன் கையில இப்ப அந்த மச்சம் இருக்கு.”

மின்விசிறிக் காற்றில் தரையில் கிடந்த கோட்டு லேசாக ஏறி இறங்கியது.

“பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான். மத்தியானம் ஆனா அந்தப் பய விழுந்த எடத்துக்கு பஸ் ஏறிப் போயி ரோட்டோரமா நிக்கிறான். லாரியா போகுது. அவங்கப்பா ஆட்டு யாவாரம்னு அய்யலூரு அங்க இங்கன்னு சந்த சந்தையா அலையிறாரு. நான் ஒருத்தி எத்தன நாளு பின்னாலயே போயி இழுத்துட்டு வர? நீங்க எம் புள்ளையோட சொந்த உடம்ப வச்சு ஒண்ணு செஞ்சு குடுங்க. அவன் கண்ணுல அது படட்டும்.”

“முழுசா நின்னு எடுத்த போட்டோ இருக்காம்மா?”

செல்போனை நீட்டினார். மகன் படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் முகம். ஒவ்வொரு படத்தையும் அவன் கழுத்தோடு வெட்டியிருந்தான். சட்டையோ, வீடோ, காலோ ஒரு படத்திலும் இல்லை.

பந்தலில் ஒரு துவாரம்

அன்று மதியமே பஞ்சவர்ணத்தோடு டவுன் பஸ் ஏறினேன். முதலாளியிடம் தலைவலி என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

வீட்டு வாசலுக்குப் போனபோது மூன்றரை மணி இருக்கும். காற்றே இல்லை. நாலு கம்பு நட்டுக் கட்டிய பந்தல். அண்ணாந்து பார்த்தேன். நான் வெளுப்பாக்கிய அழகரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வெயில் அடித்ததால் தோல் வெளிச்சமாக இருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு சிவப்பு. கழுத்துக்குக் கீழே உடம்பு இருந்த இடத்தில் நீளமாக ஒரு துவாரம். அது வழியாக வானம் தெரிந்தது.

அந்தத் துவாரத்தின் வெயில் தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு விழுந்திருந்தது. அதற்குள் அழகர் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நிழல் இருந்தது. அவன் அந்த வெயிலில்தான் இருந்தான்.

“காலையில நான் கெளம்பும்போதும் இப்படித்தான்க்கா இருந்தான். இன்னிக்கு ரோட்டுக்குக்கூடப் போகல போல. வெயிலு நகர நகர அவனும் நகர்றான்” என்று பஞ்சவர்ணம் என் காதில் சொன்னார்.

“அழகர்” என்றேன். திரும்பவில்லை. “ஏலே, ஸ்டெல்லாக்காடா.”

எழுந்தான். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. இடது கை தொங்கியது. பெருவிரலுக்குக் கீழே மிளகு அளவில் கறுப்பு. நான் அழிக்க மறந்த அதே இடம்.

“அக்கா, நீங்க ஏன் மச்சத்த அழிக்கல?”

அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மறந்துட்டேன்டா.”

“ரோஷனுக்கும் மறந்துட்டீங்க.”

“அவனுக்கு எதுக்கு அழிக்கணும்? அவன் கையி, அவன் மச்சம்.”

“ரோஷன் கையில மச்சமே கெடையாதுக்கா.”

எனக்குப் புரியவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸ் வந்த அன்று பையன்கள் ரோஷனைச் சுற்றிக்கொண்டு, அது உன் உடம்பில்லை, உன் கையில் ஏது மச்சம் என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். மறுநாள் ரோஷன் கையில் மச்சத்தோடு வந்திருக்கிறான். வாட்ச் மறைத்திருந்தது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அழகர் தண்ணீர்க் குழாய்க்குப் போனபோது ரோஷன் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தான். மச்சம் கரைந்து ஓடியது. பேனாவை எடுத்து மச்சத்தைத் திரும்ப வைத்துக்கொண்டான்.

“என்னப் பாத்துட்டான்க்கா. அடிப்பான்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லாதடான்னான். சொல்லலன்னேன். அந்தக் கிளாஸ்லயே அவன் எங்கிட்ட பேசுனது அது ஒண்ணுதான்.”

“அதுக்கு நீ எதுக்குடா அதே உடம்ப வாங்குன?”

“அவனுக்கே அது இரவல்தான்னு தெரிஞ்சுச்சுல்ல. அப்ப எனக்கும் கெடைக்கும்னு தோணுச்சு.”

பஞ்சவர்ணம் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவன் தெனமும் மச்சத்தப் போட்டுக்கிட்டு வருவான்க்கா. இப்ப அவன் இல்லேல்ல. யாராச்சும் போடணும்ல?”

“ரோட்டுக்கு எதுக்குப் போற, அதச் சொல்லு.”

“விழுந்தப்ப அவன் கையில மச்சம் இருந்துச்சா, வேர்வையில அழிஞ்சிருச்சான்னு தெரியல. அதத்தான் யோசிச்சுட்டு நிப்பேன்.”

நாளைக் கழித்து ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறேன், அதுவரை எங்கேயும் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். வெயில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. அவனும் நகர்ந்து உட்கார்ந்தான்.

மறைத்து வைத்த படம்

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ரோஷனின் பிறந்தநாள் கோப்பைத் திறந்தேன். எங்கள் வேலையில் படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் கிடக்கும். வேண்டாததை அழிக்காமல் மறைத்து வைத்திருப்போம். மறைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன்.

கடைசியில் ரோஷன் வந்தான். குண்டுப் பையன். மஞ்சள் பனியன் வயிற்றில் இறுகியிருந்தது. இரண்டு கையையும் தொங்கவிட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கையில் ஒன்றுமில்லை. கடை செல்போனில் அவன் அனுப்பிய செய்தியையும் தேடி எடுத்தேன். ‘அக்கா, உடம்ப மட்டும் மாத்திருங்க. வீட்ல கேட்டா ஜிம்முக்குப் போறேன்னு சொல்லிக்கிறேன்.’ நான்தான் மாற்றியிருக்கிறேன். செய்த கைக்கு ஞாபகமே இல்லை. கடைசியாக யாருக்கு வைத்தேனோ அவன் பெயரைக் கோப்புக்குப் போட்டுவிட்டு, அவன் உடம்பு என்று நானே நம்பியிருக்கிறேன்.

அப்படியானால் அந்தக் கோட்டு யாருடையது? தேடினேன். ரோஷனுக்கு முன்னால் அதற்கு வேறொருவர் பெயர் இருந்தது. அதற்கு முன் இன்னொருவர். ஆக அடியில் வெறும் ‘உடம்பு 3’ என்று கிடந்தது. நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த டிசைனர் வைத்துவிட்டுப் போனது. முதலாளியைக் கேட்டேன். “யாருக்குத் தெரியும், ஓடுதுல்ல, விடு” என்றார். பஞ்சவர்ணத்தின் கேள்விக்கு அந்தக் கடையில் பதில் இல்லை.

இன்னொன்றும் எனக்கு இன்றுவரை தெரியாது. தங்கள் பிள்ளையின் உடம்பு அது இல்லை என்று ரோஷனைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும், அவன் ஆசைப்பட்ட உடம்போடு இருக்கட்டும் என்று கொடுத்தார்களா? கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

‘உடம்பு 3’ஐ அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறினேன். வழியில் ஒரு மண்டப வாசலில் ஏதோ காதுகுத்து. எங்கள் கடை செய்த பிளெக்ஸ் இல்லை. தாய்மாமன்கள் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது ஆள் வலது கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தார். சிவப்பு டை. பஸ் அங்கே நிற்கவில்லை. தொங்கிய கையில் மச்சத்தைப் பார்த்தேனா, இல்லை நானாக நினைத்துக்கொண்டேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வலித்ததா?

பந்தலில் யாரும் இல்லை. துவாரத்தின் வெயில் மட்டும் தரையில் கிடந்தது. “பஞ்சவர்ணம்!” என்று கத்தினேன். கொல்லையிலிருந்து பதில் வந்தது.

“இங்கதான்க்கா இருக்கான், குளிக்கிறான்.”

கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். கட்டம் போட்ட சட்டை, பள்ளிக்கூட பேண்ட், ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்ததும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பந்தலை விட்டு வெளியே வந்து வேப்பமரத்துப் பக்கம் நிற்கச் சொன்னேன். நின்றான். கேமராவைத் தூக்கினேன். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. தோள் சாய்ந்தது. கேமராவுக்குள் நான் பார்த்தது அழகரை இல்லை.

பஞ்சவர்ணம் விறுவிறுவென்று போனார். பாக்கெட்டிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்து வெளியே போட்டார். அடுத்து இடது கையைப் பிடித்தார். செம்புத் தண்ணீரில் முந்தானையை நனைத்து மச்சத்தைத் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். சுற்றிலும் தோல் சிவந்தது. நடுவில் மச்சம் அப்படியே இருந்தது.

“விடும்மா. அது போகாது” என்றான் அழகர்.

“ஏன் போகாது?”

“காம்பஸ் முனையால குத்தி மை வச்சிருக்கேன். அவனுது மாதிரி அழியக் கூடாதுன்னு.”

பஞ்சவர்ணத்தின் கை நின்றது. அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். என் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். அவர் அந்தக் கையை விடாமல் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறந்த பிள்ளையின் கையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குத்தும்போது வலிச்சுச்சா அப்பு?”

அவன் அம்மாவைப் பார்த்தான். “ம்” என்றான். உதடு கோணியது.

“அப்ப இது உன்னுதுதான்.”

அவன் அழ ஆரம்பித்தான். பத்துப் பதினைந்து நாளாகச் சேர்த்து வைத்த அழுகை. ரோஷன் பெயரைச் சொல்லி அழுதான். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அழுது முடித்து முகத்தைச் சட்டையில் துடைத்த பிறகு ஒரே ஒரு படம் எடுத்தேன். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை அந்தப் படத்தைத் திறந்தேன். பழகிய கை அதுபாட்டுக்கு அழிப்பானை எடுத்து மச்சத்தின்மேல் கொண்டுபோய் வைத்தது. நல்லவேளை, பார்த்துவிட்டேன். கையை எடுத்துக்கொண்டேன். செருப்பையும் வெட்டவில்லை. சின்ன அளவில் அடித்து, லேமினேட் செய்து, அந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். கோட்டுச் சுருளை என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். மழைக்குப் போர்த்த பழைய பிளெக்ஸ் கேட்டு வருபவர்கள்கூட அதை விரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பஞ்சவர்ணம் போன் செய்தார்.

“புள்ள பள்ளிக்கூடம் போயிருக்கான்க்கா. பஸ் ஏத்திவிட்டுட்டு வந்துதான் பேசுறேன். போட்டோவ பாத்தேன்.”

“நல்லா வந்திருக்காம்மா?”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“முழுசா இருக்கான்க்கா.”